நடக்க முடியாதவரை நடந்து வரச் சொல்வது வைத்தியமா?



மலையில் ஒரு ஆள் வழுக்கி விழுந்தால் இன்று 1990க்கு ஒரு கோல் எடுத்தால் அம்புலன்ஸ் வருகிறது. 2016இல் இந்திய உதவியோடு மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் தொடங்கி, பிறகு நாடு முழுவதும் விரிந்த சேவை அது. இரத்தினபுரிக்கோ கேகாலைக்கோ கொண்டுபோகிறார்கள். டொக்டர்மார் உயிரைக் காப்பாற்றுகிறார்கள், முறிந்த எலும்பைப் பொருத்துகிறார்கள். அதில் நமக்குக் குறை இல்லை. சில நாள் கழித்து டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்புகிறார்கள். “கிளினிக்குக்கு வாங்க, எக்சசைஸ் செய்யணும்” என்று கொப்பியில் எழுதியும் கொடுக்கிறார்கள்.

அதோடு சரி. விழுந்தவரைத் தூக்கிப் போக வண்டி வந்தது. தூக்கிப் போனவரை மறுபடி நடக்க வைக்க ஒருவரும் வருவதில்லை. அந்த வராத ஆளைப் பற்றித்தான் இந்த இதழில் பேச வேண்டியிருக்கிறது.

அந்த ஆளுக்குப் பெயர் பிசியோதெரபிஸ்ட். தமிழில் இயன்மருத்துவர் என்கிறார்கள். மடங்கிப்போன முழங்காலை நீட்ட வைப்பவர், விழாமல் எழும்பக் கற்றுக் கொடுப்பவர். அவருக்குத் துணையாக இன்னொருவர் உண்டு, தொழில்வழிச் சிகிச்சையாளர். ஒரு கை விளங்காதவர் எப்படிச் சட்டை போடுவது, எப்படிச் சோறு பிசைந்து சாப்பிடுவது, மறுபடி எந்த வேலைக்குப் போகலாம் என்று பழக்குபவர். இந்த இரண்டு பேரும் ஆஸ்பத்திரி அறையில் உட்கார்ந்திருந்தால் தோட்டத்து மக்களுக்குப் பாதிப் பயன்தான். அவர்கள் ஊர் ஊராக, டிவிஷன் டிவிஷனாக வர வேண்டும். வருவதற்கும், வந்து நிலைப்பதற்கும் ஏற்ற நிலைமையை நிர்வாகமும் அரசும் உண்டாக்க வேண்டும். இதுதான் நமது கோரிக்கை.

ஒரு கணக்குப் போடுவோம்

பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். தெரணியகலைக்கு மேலே ஒரு டிவிஷன் என்று வைத்துக்கொள்ளுங்கள், அல்லது இறக்குவானைப் பக்கம் ஒரு லயம். வாதம் வந்த முதல் மூன்று மாதம்தான் பொன்னான காலம். மூளை தன்னைத் திருத்திக்கொள்ளும் வேகம் அப்போதுதான் அதிகம். அந்த நேரத்தில் விடாமல் பயிற்சி கொடுத்தால் பலர் எழுந்து நடக்கிறார்கள். விட்டுவிட்டால் கை மடங்கியபடியே இறுகிப் போகிறது, பாதம் தொங்கிப் போகிறது, முதுகில் படுக்கைப் புண் வருகிறது.

வாரம் இரண்டு தடவை கிளினிக் என்றால் 12 வாரத்தில் 24 தடவை. அவர் தனியாகப் போக முடியாது, மகளோ கணவரோ கூடப் போக வேண்டும். 2024 செப்டெம்பரில் சம்பளச் சபை நிர்ணயித்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. துணைக்குப் போகிறவருக்கு 24 பேர் போய்விடும். அந்தச் சம்பளப்படி அது மட்டும் 32,400 ரூபா. லயத்திலிருந்து பஸ் பாதைக்கு ஆட்டோ, பஸ்ஸில் இரண்டு பேருக்கு டிக்கட், மத்தியானச் சாப்பாடு எல்லாம் வேறு. பஸ்ஸுக்குள் அந்தத் தாயைத் தூக்கி ஏற்ற வேண்டும், நெரிசலில் நிறுத்த வேண்டும், மறுபடி இறக்க வேண்டும். இரண்டு தடவை போவார்கள், மூன்றாவது தடவை கடன் வாங்கிப் போவார்கள், நாலாவது தடவை போக மாட்டார்கள்.

அப்போது கொப்பியில் எழுதுகிறார்கள்: “நோயாளி வரவில்லை.” தோட்ட ஆபீசில் சொல்கிறார்கள்: “இந்த ஆக்களுக்கு அக்கறை இல்லை.” அக்கறை இல்லாமலா 24 பேரை இழந்து போகச் சொல்கிறீர்கள்? நடக்க முடியாத ஆளை நடந்து வரச் சொல்லிவிட்டு, வராததைக் குற்றமாக எழுதுகிற வைத்தியம் என்ன வைத்தியம்?

ஆஸ்பத்திரித் தரை வேறு, லயத்து வாசல் வேறு

செலவு மட்டும் பிரச்சினை என்றால் போக்குவரத்துக் காசு கொடுத்து முடித்துவிடலாம். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் தரை மட்டமாக, வழவழவென்று இருக்கிறது. இரண்டு பக்கமும் பிடித்து நடக்கக் கம்பி இருக்கிறது. அங்கே பத்து அடி நடந்தால் “நல்ல முன்னேற்றம்” என்று சொல்லி அனுப்புவார்கள். வீட்டுக்கு வந்தால் இஸ்தோப்பிலிருந்து இறங்க உயரமான படி. படிக்குக் கீழே கான். கானைத் தாண்டினால் மழைக்குப் பாசி பிடித்த மண் பாதை. கக்கூசு அந்தப் பாதையின் கோடியில் இருக்கிறது, அதிலும் குந்தி உட்கார வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு காம்பராவில் ஐந்து ஆறு பேர் படுக்கிற இடத்தில் எங்கே வைத்துப் பயிற்சி செய்வது? இதையெல்லாம் பார்க்காத ஒருவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், நம் ஆளுக்குத் தேவையானதைச் சொல்லிக் கொடுக்க முடியாது.

வீட்டுக்கு வருகிறவர் வேறு மாதிரிச் சிந்திப்பார். படியின் பக்கத்தில் ஒரு மூங்கிலைக் கட்டச் சொல்வார். பழைய கதிரையின் நடுவில் ஓட்டை வெட்டி, கக்கூசுக்கு மேலே வைக்கச் சொல்வார். தோட்டத்து ஸ்டோரில் வெல்டிங் செய்கிற தம்பியிடம் இரண்டு பழைய குழாயைக் கொடுத்தால் பிடித்து நடக்கக் கம்பி தயார். பயிற்சிக்கு இழுக்கிற ரப்பர் பட்டைக்கு சைக்கிள் டியூப் போதும். இத்தனை வருடம் பால் வெட்டி உலகத்துக்கே ரப்பர் கொடுத்த நம் ஆட்களின் கைக்கு ஒரு துண்டு ரப்பர் பட்டை கிடைக்கவில்லை என்பதையும் இந்த இடத்தில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

யார் யாருக்கு இது வேண்டும்? வாதம் வந்தவருக்கு மட்டும் இல்லை. பாக்கு மரத்திலிருந்து, பலா மரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு போனவர்கள் இருக்கிறார்கள். தோட்டத்தில் சம்பளம் போதாமல் மாணிக்கக் குழிக்குப் போய் மண் சரிந்து கால் நசுங்கிய இளைஞர்கள் இருக்கிறார்கள். சீனி வருத்தத்தால் காலை வெட்டி எடுத்தவர்கள் இருக்கிறார்கள். கொழும்பில் பிரெண்ட் இன் நீட் சங்கம் ஜெய்ப்பூர் கால் செய்து கொடுக்கிறது. ஆனால் வெட்டிய காலின் சதை நாளாக நாளாக வற்றும், அப்போது பொருத்திய கால் தளரும், உரசிப் புண்ணாகும். சரிபார்க்க ஆள் இல்லாவிட்டால் அந்தக் கால் சுவரில் தொங்கும், மனிதர் பாயில் கிடப்பார். இருபது முப்பது வருடம் கூடையின் பாரத்தைத் தலையிலும் முதுகிலும் சுமந்து கழுத்தும் தோளும் போன தாய்மார்களை எண்ணவே தேவையில்லை. எந்த லயத்துக்குப் போனாலும் பார்க்கலாம்.

எல்லோரையும் விட மோசம் பிள்ளைகள் நிலைமை. பிறக்கும்போதே மூளை பாதிக்கப்பட்டு, கழுத்து நிற்காமல், கை கால் விறைத்திருக்கும் பிள்ளைகளைத் தாய்மார் இடுப்பில் தூக்கிக்கொண்டு கிளினிக் போகிறார்கள். பிள்ளைக்கு ஐந்து ஆறு வயதாகும்போது பாரம் கூடுகிறது. தூக்க முடியவில்லை. சிகிச்சை நின்று போகிறது. பிள்ளை வளர்ந்ததே பிள்ளைக்கு வினையாகிறது.

பந்தை யார் யாரிடம் உருட்டுகிறார்கள்?

நிர்வாகத்திடம் கேட்டால், “சுகாதாரம் அரசாங்கத்தின் வேலை” என்கிறது. அரசாங்கத்திடம் கேட்டால், “தோட்டம் கம்பனியிடம் இருக்கிறது” என்கிறது. 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தொழிலாளியின் நோய் நொடியைப் பார்க்கும் கடமையைத் தோட்டங்கள் மீது வைத்தது. ஆள் எழும்பினால்தான் கொழுந்து எழும்பும் என்பது வெள்ளைக்காரத் துரைக்கே தெரிந்திருந்தது. நூறு வருடம் கடந்த பிறகு கம்பனித் துரைமாருக்கு அது மறந்துவிட்டதா?

“நஷ்டஈடுதான் இருக்கிறதே” என்று ஒரு வாதம். 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. வேலையில் அடிபட்டவருக்கு அதன்படி காசு வாங்கிக் கொடுக்க நமது சங்கம் எப்போதும் போராடும், அது வேறு விஷயம். ஆனால் சட்டம் போன விரலுக்கு விலை போடுகிறது. மிச்சமுள்ள விரல்களால் எப்படி வேலை செய்வது என்று பழக்குவதில்லை. காசு வீட்டுக் கடனுக்குப் போகும். கை கை விளங்காமலே இருக்கும்.

“வீடு வீடாகப் போவது நடக்கிற காரியமா?” என்று கேட்பவர்களுக்கு இந்த நாட்டின் வரலாற்றிலேயே பதில் இருக்கிறது. 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியது. அந்த வழியில் வந்த மருத்துவிச்சிமார் கால்நடையாகவும் சைக்கிளிலும் வீடு வீடாகப் போனார்கள். கர்ப்பிணித் தாயை வீட்டிலேயே பார்த்தார்கள். தாய் சேய் மரணத்தைக் குறைத்ததில் இலங்கை உலகத்துக்கு முன்மாதிரி என்று மேடை மேடையாகப் பேசுகிறோமே, அந்தப் பெருமைக்குப் பின்னால் இருப்பது அவர்களின் நடை. பிள்ளை பெறுகிற தாயைத் தேடி மருத்துவிச்சி வரலாம் என்றால், வாதத்தில் கிடக்கிற தாயைத் தேடி பிசியோ ஏன் வரக்கூடாது?

கடலுக்கு அந்தப் பக்கமும் பாருங்கள். தமிழ்நாட்டில் 2021 ஓகஸ்ட் 5ஆம் திகதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். பிரஷருக்கும் சீனிக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. பிசியோதெரபிஸ்ட் வண்டியில் கிராமத்துக்கு வருகிறார், படுக்கையில் கிடப்பவருக்கு வீட்டிலேயே பயிற்சி கொடுக்கிறார். 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் அதற்குக் கிடைத்தது. அங்கேயும் குறை இல்லாமல் இல்லை. வீடு வீடாக ஏறி இறங்கும் பெண்களைத் தன்னார்வலர் என்று பெயர் வைத்து, சம்பளம் என்று சொல்லாமல் ஊக்கத்தொகை கொடுக்கிறார்கள். சேவை நல்லது, அந்தப் பெயர் சூட்டல் நல்லதல்ல. நாம் முன்னதைக் கேட்போம், பின்னதை வேண்டாம் என்போம்.

இது தருமமும் அல்ல. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 26ஆம் உறுப்புரை, புனர்வாழ்வுச் சேவைகள் மக்கள் வாழும் இடத்துக்கு இயன்றவரை கிட்டவே, கிராமப்புறங்களிலும் கிடைக்க வேண்டும் என்கிறது. கொழும்பு கையெழுத்துப் போட்டது. காவத்தைக்கும் எட்டியாந்தோட்டைக்கும் அது எப்போது வந்து சேரும்?

வருகிற ஆளும் ஒரு தொழிலாளி

இனி நம் பக்கத்திலும் ஒரு வார்த்தை. “ஆளை அனுப்பு” என்று கோஷம் போடுவது சுலபம். அனுப்பினால் அந்த ஆள் எத்தனை நாள் நிற்பார்?

தோட்டத்துக்கு நியமனம் கிடைத்த பல உத்தியோகத்தர்கள் வந்த வேகத்தில் இடமாற்றம் வாங்கிப் போவதைப் பார்த்திருக்கிறோம். உடனே “நம்ம ஆக்கள் என்றால் அவங்களுக்கு இளக்காரம்” என்று கோபப்படுகிறோம். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கலாம். ஆனால் தங்க இடம் இல்லை, வாகனம் இல்லை, ஓடுகிற தூரத்துக்குக் காசு இல்லை, வழியில் ஒரு பெண் போக மலசலகூடம் இல்லை என்றால் யார் நிற்பார்? 2022 நெருக்கடிக்குப் பிறகு படித்த சுகாதார ஊழியர்கள் கூட்டம் கூட்டமாக வெளிநாடு போனார்கள். மிச்சமிருப்பவர்களில் ஒருவரை மலைக்கு ஏற்றி, “சேவை மனப்பான்மை வேண்டும்” என்று வெறும் வார்த்தையால் வயிறு நிரப்ப முடியாது.

தோட்டம் தோட்டமாகச் சுற்றுகிற சிகிச்சையாளரின் வேலையை யோசித்துப் பாருங்கள். ஒரு வீட்டில் முக்கால் மணி நேரமாவது இருக்க வேண்டும். அடுத்த வீடு அடுத்த மலையில். மழை, அட்டை, உடைந்த பாதை. பாரமான ஆட்களைத் தூக்கி உட்கார வைத்து, பிடித்து நிறுத்த வேண்டும். மற்றவர் முதுகைச் சரி செய்கிறவருக்கே முதுகு வலி வருவது அந்தத் தொழிலில் வழக்கமான விஷயம். முன்னேற்றம் மெதுவாகத்தான் தெரியும், அதனால் மனமும் களைக்கும். மண்சரிவு எச்சரிக்கை உள்ள நாளிலும் போகத்தான் வேண்டுமா? 2016 மே மாதம் அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் மலை இறங்கி வந்ததைப் பார்த்த நாம் அந்தக் கேள்வியை அலட்சியம் செய்யலாமா?

ஒரு கொழுந்துக்காரிக்கு மலைக்கு நடக்கிற நேரமும் வேலை நேரம் என்று நாம் வாதாடுகிறோம். அதே நியாயம் அவருக்கும் உண்டு. பாதையில் போகிற நேரம் வேலை நேரம்தான். ஒரு நாளைக்கு எத்தனை வீடு என்பதற்கு ஒரு அளவு வேண்டும். ஓய்வு நாளில் ஓய்வு வேண்டும். நிரந்தர நியமனம் வேண்டும். இரண்டு வருடத் திட்டம் என்று பதாகை கட்டி, படம் பிடித்து, காசு முடிந்ததும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போகிற வேலை நமக்கு வேண்டாம். பாதி நடக்கப் பழகிய ஆளை நடுவழியில் விட்டுப் போவதைவிடக் கொடுமை வேறில்லை.

பாஷையும் இருக்கிறது. “வலிக்குதா, குத்துதா, மரத்துப்போச்சா, இழுக்குதா” என்பதெல்லாம் ஒன்றல்ல. சப்ரகமுவவில் நம் இளைஞர்கள் சிங்களம் நன்றாகப் பேசுவார்கள், ஆனால் வாதத்தில் கிடக்கிற அறுபது வயதுப் பாட்டிக்கு நோவைச் சொல்லத் தமிழ்தான் வரும். வருகிறவர் சிங்களவராக இருந்தாலும் மகிழ்ச்சிதான். அவருக்கு நோவின் தமிழைப் படிப்பிக்க மூன்று மாதம் போதும். அவர் போகிற பாதையிலேயே சிங்களக் கிராமங்களும் இருக்கின்றன. அந்த ஏழை விவசாயியின் வீட்டிலும் வாதத்தில் ஒருவர் கிடப்பார். இந்தக் கோரிக்கையில் அவர்களும் நம்மோடு சேர வேண்டியவர்கள்.

நாம் கேட்பது

1. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் ஆதார வைத்தியசாலைகளில் தோட்டங்களுக்கும் கிராமங்களுக்கும் போகும் இயன்மருத்துவர், தொழில்வழிச் சிகிச்சையாளர் பதவிகளை நிரந்தரமாக உண்டாக்க வேண்டும். எந்தத் திகதி எந்த டிவிஷன் என்று பெரட்டுக் களத்தில் பலகை போட வேண்டும்.

2. அவர்களுக்குத் தோட்டத்து உத்தியோகத்தர் குவார்ட்டர்ஸில் நல்ல தங்குமிடம், மலைப் பாதைக்கு ஏற்ற வாகனம், பயணக் கொடுப்பனவு, பயண நேரத்தை வேலை நேரமாகக் கணக்கிடுதல், தமிழ் படிக்க வசதி.

3. ஒவ்வொரு தோட்ட டிஸ்பென்சரியிலும் பயிற்சிக்கு ஒரு அறை. ஊனமுற்றவர் இருக்கிற காம்பராவுக்குப் படி, கைப்பிடி, கக்கூசு திருத்தம் நிர்வாகத்தின் செலவில்.

4. சிகிச்சை நாளில் கூட இருந்து பயிற்சி படிக்கிற குடும்பத்தவருக்கு அந்தப் பேர் வெட்டப்படக் கூடாது. குணமாகி வருகிறவருக்கு இலகு வேலை, முழுப் பேர். “வேலைக்கு லாயக்கில்லை” என்று செக்ரோலில் இருந்து பெயரை வெட்டும் முன் சிகிச்சையாளரின் அறிக்கை கட்டாயம்.

5. இந்தத் தொழிலுக்கு நம் பிள்ளைகளே போக வேண்டும். கொழும்பிலும் பேராதனையிலும் பல்கலைக்கழகப் பட்டப்படிப்பு இருக்கிறது. அதற்கு உயர்தரத்தில் உயிரியல் படித்திருக்க வேண்டும். நம் மாவட்டங்களின் தமிழ்ப் பாடசாலைகளில் அந்தப் பிரிவைத் திறக்கவும் ஆசிரியர் போடவும் மாகாண சபை நிர்வாகம் பதில் சொல்ல வேண்டும்.

கேட்பதோடு நம் வேலை முடியாது. தோட்டத் தலைவர்மாரும் மாதர் அணியும் இந்த மாதமே லயம் லயமாகப் போய் ஒரு கணக்கு எடுங்கள்: யார் படுக்கையில், எத்தனை மாதமாக, எந்த ஆஸ்பத்திரி, கடைசியாகக் கிளினிக் போனது எப்போது, போகாததற்குக் காரணம் என்ன. அந்தப் பட்டியல் இல்லாமல் மேசையில் உட்கார்ந்தால், “அப்படி எத்தனை பேர் இருக்கிறார்கள்?” என்ற ஒரே கேள்வியில் நம்மை எழுப்பிவிடுவார்கள்.

“வாதம் வந்தால் விதி, எண்ணெய் போட்டு நீவினால் போதும்” என்கிற பேச்சையும் விடுவோம். எண்ணெய் போடுவதில் தப்பில்லை, அதோடு நிறுத்துவதுதான் தப்பு. சிகிச்சையாளர் வாரத்தில் ஒரு நாள்தான் வருவார். மிச்சம் ஆறு நாள் அந்தக் கையை நீட்டி மடக்க வேண்டியது வீட்டு ஆட்கள்தான். பயிற்சியை ஒருவர் படித்துக்கொள்ள வேண்டும். சொன்ன திகதியில் வீட்டில் இருக்க வேண்டும். வந்தவருக்கு ஒரு கோப்பைத் தேத்தண்ணி, உட்கார ஒரு கதிரை, கை கழுவத் தண்ணீர். நடு ராத்திரியில் போன் அடித்து ஆளைக் களைக்க வைக்காதிருக்க வேண்டும். நம்மைத் தேடி வருகிறவரை நாமே விரட்டிவிடக் கூடாது.

இருநூறு வருடமாக இந்த மலைகளில் ஏறி இறங்கியது நம் கால்கள். அந்தக் கால்கள் விழுந்துவிட்டால் பாயில் சுருட்டி மூலையில் வைக்கிற வழக்கத்தை நாம் இனி ஒத்துக்கொள்ள முடியாது. அடுத்த பேச்சுவார்த்தை மேசையில் சம்பளத்தோடு இதுவும் இருக்கும். அதற்குள் உங்கள் டிவிஷன் பட்டியல் சங்கக் காரியாலயத்துக்கு வந்து சேர வேண்டும்.